நரம்பு செல்லில் சாயம் தெரியவில்லையா? ஸ்லைடிலிருந்து தொடங்குங்கள்

சனிக்கிழமை காலை, தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுகிறது. முழுக்கக் கறுப்பு. கீழே ஒரு வரி: "அக்கா, 7 நாள் காத்திருந்தேன், ஒண்ணுமே இல்ல. சாயம் கெட்டுப்போச்சா?"

வருடத்துக்கு நாலைந்து முறையாவது இப்படி ஒரு செய்தி எனக்கு வரும். ஆய்வகத்தில் மாணவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கேள்வி மட்டும் மாறாது. இனிமேல் யார் கேட்டாலும் அனுப்பிவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் செய்யும் வேலை இதுதான்: எலியின் கால் தசையிலோ தோலிலோ வெட்டிய நரம்பின் முனையிலோ ஒளிரும் சாயத்தை வைப்போம். அது நரம்பிழை வழியாகப் பின்னோக்கிப் போய், முதுகுத்தண்டை ஒட்டிய டிஆர்ஜி முடிச்சில் இருக்கும் உணர்வு செல்களிலோ தண்டுக்குள் இருக்கும் இயக்க செல்களிலோ சேரும். அப்புறம் எடுத்து, கிரையோஸ்டாட் என்ற உறைநிலைச் சீவல் கருவியில் சீவி, நுண்ணோக்கியில் எண்ணுவோம். புழக்கத்தில் இருப்பவை ஃபாஸ்ட் ப்ளூ, ஃபுளோரோ-கோல்ட், டை-ஐ, அலெக்சா என்ற ஒளிரும் சாயம் ஒட்டிய சிடிபி, எப்போதாவது டயமிடினோ எல்லோவும் டெக்ஸ்ட்ரானும். சிடிபி என்பது காலரா நச்சின் பி துண்டுதான், பயப்பட வேண்டாம், நோய் வராது.

சோதனைகளை மலிவிலிருந்து செலவு கூடியது வரை வரிசையாகத்தான் எழுதியிருக்கிறேன். இந்த வேலையில் பெரிய செலவு சாயமும் இல்லை, கான்ஃபோகல் (லேசர் நுண்ணோக்கி) மணிநேரமும் இல்லை. இன்னொரு எலிதான். அதற்கு அனுமதி வேண்டும், அறுவை வேண்டும், இரண்டு வாரம் வேண்டும், ஓர் உயிரும் போகும். கையில் இருக்கும் ஸ்லைடைக் குடைந்து தீர்க்காமல் அங்கே போகாதீர்கள்.

## ஒன்றுமே தெரியவில்லை, கறுப்பாக இருக்கிறது

முதலில், பழைய நல்ல ஸ்லைடு ஒன்றை வைத்துப் பாருங்கள். பளிச்சென்று தெரிந்த ஸ்லைடு ஒவ்வொரு சாயத்துக்கும் ஒன்று பெட்டியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நல்ல நாளில் ஒன்றை எடுத்து ஒதுக்கி, மேலே "தொடாதே" என்று எழுதி வையுங்கள்.

அந்த நல்ல ஸ்லைடும் கறுப்பா? அப்படியானால் கோளாறு கருவியில். ஷட்டர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள் (சிரிக்காதீர்கள்). அப்புறம் ஃபில்டர். ஃபாஸ்ட் ப்ளூ 365 நானோமீட்டர் பக்கம் ஒளியை வாங்கி நீலமாக உமிழும். ஃபுளோரோ-கோல்டும் புற ஊதாவில்தான் தூண்டப்படும், ஆனால் உமிழ்வது 530 பக்கம், பொன் மஞ்சள். கருவை நீலமாகக் காட்டும் டாப்பி சாயத்துக்கான சாதாரண ஃபில்டரின் வெளியேறும் பக்கம் பெரும்பாலும் 460 சுற்றிலும் குறுகலாக இருக்கும், பொன்னை அப்படியே வெட்டிவிடும். சனிக்கிழமை படம் அனுப்பிய தம்பிக்கு நடந்தது இதுதான். திங்கட்கிழமை போய், ஃபில்டர் சக்கரத்தை ஒரு கட்டம் திருப்பி, நீளமான அலைகளை எல்லாம் வெளியே விடும் புற ஊதா லாங்-பாஸ் ஃபில்டர் வைத்தேன். டிஆர்ஜி முழுக்கப் பொன் காசு கொட்டியது மாதிரி செல்கள். அவன் முகத்தைப் படம் எடுத்திருக்க வேண்டும்.

ஃபில்டர் சரி, இன்னும் மங்கல் என்றால் விளக்கைப் பாருங்கள். பாதரச விளக்குக்கு 365-இல் பலமான கோடு உண்டு. அதைக் கழற்றி எல்இடி மாட்டியிருந்தால், அந்த எல்இடி 365-ஆ 385-ஆ 395-ஆ என்று கேளுங்கள். ஒரு நீண்ட விடுமுறை முடிந்து வந்தபோது எங்கள் தளத்தில் விளக்கை மாற்றியிருந்தார்கள், யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அந்த வாரம் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் ஃபாஸ்ட் ப்ளூ "கெட்டுப்போனது". கான்ஃபோகலும் இதே கதைதான்: பல கருவிகளில் இருக்கும் மிகக் குறைந்த அலைநீள லேசர் 405. ஃபாஸ்ட் ப்ளூவுக்கும் ஃபுளோரோ-கோல்டுக்கும் அது ஓரத்தில் நின்று தட்டுவது மாதிரி, லேசாகத்தான் எழும். சாதாரண ஃபுளோரசன்ஸ் நுண்ணோக்கியில் பிரகாசமாகத் தெரிவது கான்ஃபோகலில் காணாமல் போனால் குழம்பாதீர்கள். கான்ஃபோகல்தான் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அலெக்சா 488, 555 ஒட்டிய சிடிபி மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள், வேலை பாதி.

நல்ல ஸ்லைடு பளிச்சென்று இருக்கிறது, உங்களுடையது மட்டும் கறுப்பா? முடிச்சை விட்டுவிட்டு, சாயம் வைத்த இடத்தைச் சீவிப் பாருங்கள். தசையையும் நரம்பு முனையையும் எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். வைக்கவில்லை என்றால் அடுத்த முறையிலிருந்து வையுங்கள், பி.எஃப்.ஏ என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க ஒரு குழாய்தான் செலவு.

*அங்கேயே சாயம் இல்லை என்றால்* அது உள்ளே போகவே இல்லை. ஊசி அடைத்திருக்கும், அல்லது ஊசியை உடனே இழுத்ததில் வந்த வழியே வெளியேறியிருக்கும். ஊசியை உள்ளேயே 2, 3 நிமிடம் வைத்திருந்து மெதுவாக எடுங்கள். ஃபாஸ்ட் ப்ளூ அடர்த்தியாகக் கலந்தால் கலங்கலாகத்தான் நிற்கும், அடியில் தங்கும். ஒவ்வொரு முறையும் குலுக்காமல் எடுத்தால் முதல் எலிக்குத் தண்ணீர், கடைசி எலிக்குக் கூழ்.

டை-ஐ ஆட்களுக்குத் தனியாக ஒன்று. டை-ஐயைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் 18.5 டிகிரியில் உறைந்துவிடும். வெளியே 32 டிகிரி வெயில், உள்ளே யாரோ ராத்திரி முழுக்க ஏர்கானை 17-இல் விட்டுப் போயிருப்பார்கள், காலையில் வந்து பார்த்தால் புட்டி கல். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு கரைசல் உறைந்துவிட்டது என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை, ஆனால் உண்மை. உருக்கிய பிறகும் ஒரு துளியை ஸ்லைடில் வைத்துச் சிவப்புப் படிகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசியில் ஏற்றுங்கள். அதே மாதிரி, மைனஸ் 20-இலிருந்து எடுத்த புட்டியை உடனே திறக்காதீர்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் மூடிக்குள்ளேயே வியர்த்துவிடும். அறை வெப்பத்துக்கு வரட்டும்.

*அங்கே சாயம் இருக்கிறது, முடிச்சில் இல்லை என்றால்* மூன்றில் ஒன்று.

நாள் போதவில்லை. எலியின் காலிலிருந்து சிடிபி வர 3 முதல் 5 நாள், ஃபாஸ்ட் ப்ளூவுக்கும் ஃபுளோரோ-கோல்டுக்கும் 5 முதல் 7 நாள், டை-ஐக்கு ஒன்றிரண்டு வாரம் என்று கணக்கு வையுங்கள். ஏற்கெனவே பதப்படுத்திய திசுவில் டை-ஐ வைத்தால் அது சவ்வோடு ஊர்ந்துதான் போகும், வாரங்கள், சில சமயம் மாதங்கள்.

தவறான முடிச்சு. இது நாம் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது. காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்புக்கு ராட் எலியில் எல்4, எல்5 (இடுப்புப் பகுதியின் 4, 5-ஆவது முடிச்சுகள்) முக்கியம். சுண்டெலியில் ஒரு படி மேலே, எல்3, எல்4. கடைசி விலா எலும்பு 13-ஆவது, அங்கிருந்து விரல் வைத்து எண்ணுங்கள். கண்ணால் உத்தேசமாக எடுத்தால் எல்6-ஐ எடுத்துவிட்டு எல்5 என்று குழாயில் எழுதுவீர்கள்.

சாயத்தின் குணம். டெக்ஸ்ட்ரான் வெட்டுப்பட்ட நரம்பிழையில்தான் நன்றாக ஏறும். முழு நரம்புள்ள தசையில் ஊசி போட்டுவிட்டு நாலே நாலு செல்தான் தெரிகிறது என்றால் அதன் மேல் தப்பில்லை.

## எல்லாமே ஒளிர்கிறது, எது செல் என்றே தெரியவில்லை

ஸ்லைடின் மேல் கண்ணாடி மூடும்போது விடும் மவுண்டிங் திரவத்தில் டாப்பி இருக்கிறதா? முதல் கேள்வி இதுதான், பாதி நேரம் பதிலும் இதுதான். டாப்பியும் ஃபாஸ்ட் ப்ளூவும் ஒரே ஜன்னலில் நிற்பவை. புட்டியின் லேபிளை வாசியுங்கள். "அக்கா, அது எப்பவும் போடுறதுதானே?" என்பார்கள். எப்போதும் போடுவதுதான், ஆனால் இதற்குக் கூடாது. கரு கட்டாயம் தெரிய வேண்டுமென்றால் சிவப்பிலோ தூரச் சிவப்பிலோ ஒளிரும் கருச்சாயம் போடுங்கள்.

டாப்பி இல்லை என்றால் பச்சை ஃபில்டருக்கு மாற்றுங்கள், அப்புறம் சிவப்பு. அதே புள்ளிகள் அதே இடத்தில் மூன்றிலும் தெரிந்தால் அது உங்கள் சாயம் இல்லை, திசுவின் சொந்த ஒளி. வயதான எலியின் டிஆர்ஜி செல்லில் லிப்போஃபியூசின் என்ற மஞ்சள் துகள்கள், செல்லின் ஒரு மூலையில் குவித்து வைத்த ரவை மாதிரி இருக்கும். வட்டமாகத் தட்டையாக ஒளிர்ந்தால் இரத்தச் செல்கள், பெர்ஃப்யூஷன் (இரத்தத்தைக் கழுவி வெளியேற்றுவது) சரியாகப் போகவில்லை. பதப்படுத்தும் திரவத்தில் குளுட்டரால்டிஹைடு சேர்த்திருந்தால் மொத்தத் திசுவும் எரியும், அதைத் திருப்ப முடியாது.

லிப்போஃபியூசினுக்கு 70% ஆல்கஹாலில் கரைத்த சூடான் பிளாக் பி நல்ல மருந்து. ஆனால் இரண்டு எச்சரிக்கை: உண்மையான ஒளியையும் கொஞ்சம் தின்னும், தூரச் சிவப்பில் தன் பங்குக்குப் பின்னணியை ஏற்றும். டை-ஐ ஸ்லைடில் போடவே போடாதீர்கள், ஆல்கஹால் டை-ஐயைக் கழுவிவிடும்.

இதையெல்லாம் விட எளிய வழி, ஊசி போடாத எதிர்ப் பக்கத்து முடிச்சையும் அதே ஸ்லைடில் சீவி வைப்பது. இரண்டையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே நேரத்தில் பாருங்கள். வலதும் இடதும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால் அது சாயமா என்று யாரிடமும் கேட்கவே தேவையில்லை.

## சாயம் செல்லுக்கு வெளியே வழிந்திருக்கிறது

டை-ஐ என்றால் உங்கள் கையில் டிரைட்டன் (சோப்பு மாதிரி ஒரு திரவம்) புட்டி இருந்ததா? டை-ஐ கொழுப்புச் சவ்வில் ஒட்டி உட்கார்ந்திருப்பது. டிரைட்டன் அந்தச் சவ்வையே கரைக்கும். ஆன்டிபாடி போட்டே ஆக வேண்டுமென்றால் டிஜிடோனின் மாதிரி மென்மையானதைப் பாருங்கள், அல்லது ஆல்டிஹைடில் நிலைக்கும் சிஎம் வகை டை-ஐயை முதலிலேயே வாங்குங்கள். கிளிசரின் கலந்த மவுண்டிங்கும் நாள்பட நாள்பட இழுக்கும், உறைய வைத்து உருக்கினாலும் கசியும். டை-ஐ ஸ்லைடை அந்த வாரமே படம் எடுத்துவிடுங்கள்.

டயமிடினோ எல்லோ என்றால் வேறு அடையாளம். அது நரம்பு செல்லின் கருவில் சேரும். காத்திருப்பு நீண்டுவிட்டால் கருவிலிருந்து கசிந்து சுற்றியுள்ள துணைச் செல்களின் கருவில் ஏறும். நடுவில் மங்கிய பெரிய வட்டம், சுற்றிலும் குட்டிக் குட்டி மஞ்சள் புள்ளிகள், தேங்காய்ச் சில்லை மொய்த்த எறும்பு மாதிரி. பார்த்த உடனே தெரியும். அடுத்த முறை நாளைக் குறையுங்கள், இந்த ஸ்லைடில் எண்ணாதீர்கள்.

வடிவம் ஒழுங்கில்லாத சின்னச் செல்கள் ஒளிர்ந்தால் இன்னொன்றும் இருக்கலாம்: நரம்பு செல் செத்து, அதைத் தின்ற மேக்ரோஃபேஜுக்குச் சாயம் கைமாறியிருக்கும். நரம்பை வெட்டிய ஆய்வுகளில் இது சகஜம். அதையும் சேர்த்து எண்ணி, செல் கூடியிருக்கிறது என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

## இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது

எதிர்ப் பக்கத்து முடிச்சில் ஓரிரண்டு செல் தெரிந்தால் முதலில் உங்கள் பிளேடையும் தூரிகையையும் சந்தேகப்படுங்கள். நிறையத் தெரிந்தால் சாயம் இரத்தத்தில் கலந்திருக்கிறது. ஃபுளோரோ-கோல்டில் இது பெரிய வலை: வயிற்றுக் குழிக்குள் போனால் தன்னியக்க நரம்புகளின் தண்டுவட செல்கள் எல்லாவற்றையும் அது நிறமேற்றிவிடும், ஏனென்றால் அவற்றின் நரம்பிழை முனைகள் இரத்த-மூளைத் தடுப்புக்கு வெளியே இருக்கின்றன. குடல், சிறுநீர்ப்பை என்று உள்ளுறுப்புகளில் ஊசி போடுகிறவர்கள் மார்புப் பகுதித் தண்டுவடத்தைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். பக்கக் கொம்பில் செல்கள் வரிசையாக, வலம் இடம் இரண்டிலும் ஒளிர்ந்தால் கசிவு. பக்கத்துத் தசைக்குப் பரவுவதும் உண்டு. அளவைக் குறைத்து, ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று இடமாகப் பிரித்துப் போட்டால் குறையும்.

## இரண்டு சாயம் வைத்தேன், எது எதென்று பிரியவில்லை

ஃபாஸ்ட் ப்ளூவையும் ஃபுளோரோ-கோல்டையும் ஜோடி சேர்த்தீர்களா? ஏன்? இரண்டும் ஒரே புற ஊதாவில் எழும். நீலம் பலமாக இருந்தால் பொன் அதற்குள் மூழ்கிவிடும், போதாததற்கு அமிலச் சூழலில் ஃபுளோரோ-கோல்டே நீலமாக மாறும், அதனால் மவுண்டிங்கின் பி.எச். தெரியாமல் நிறத்தை நம்ப முடியாது. இந்த ஸ்லைடைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு: ஃபுளோரோ-கோல்டுக்கு ஆன்டிபாடி கிடைக்கிறது, சிவப்பு நிறத்தில் இரண்டாம் ஆன்டிபாடி போட்டுப் பிரித்துவிடலாம்.

ஃபாஸ்ட் ப்ளூவோடு டயமிடினோ எல்லோ என்றால் கதை வேறு. ஒரே ஃபில்டரில் நீல உடல், மஞ்சள் கரு, ஃபில்டர் மாற்றாமலே இரட்டைச் செல் தெரியும். எனக்கு இந்த ஜோடி பிடிக்கும், நாள் கணக்கைக் கண்டிப்பாகப் பார்த்தால். இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ப்ளூவோடு சிவப்பு ஏதாவது ஒன்று.

நிறம் நன்றாகப் பிரிகிறது, ஆனால் இரட்டைச் செல் நம்ப முடியாத அளவுக்கு அதிகம் என்றால் காயத்தைச் சந்தேகப்படுங்கள். டிபியல் நரம்பும் பெரோனியல் நரம்பும் அடுத்தடுத்துக் கிடப்பவை. ஒன்றின் வெட்டு முனையை நனைக்கும் சாயக் கிண்ணத்திலிருந்து ஒரு துளி வழிந்தால் போதும். கிண்ணத்தின் விளிம்பை வாஸ்லின் வைத்து அடைப்பது, கழுவுவது, சாயத்துக்கு ஒரு ஃபோர்செப்ஸ் என்று தனியாக வைப்பது, இவ்வளவுதான் தற்காப்பு. பாதி எலிகளில் சாயத்தை இடம் மாற்றிப் போட்டும் பாருங்கள். அப்புறம், ஒரே நரம்பில் இரண்டையும் சேர்த்து வைத்தாலும் 100% பொருந்தாது. அந்த உச்சம் எவ்வளவு என்று தெரியாமல் மற்ற எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

## தெரிகிறது, ஆனால் எண்ணிக்கை இடிக்கிறது

இந்தக் கோளாறுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். கறுப்பு ஸ்லைடு யாரையும் ஏமாற்றாது. அழகான ஸ்லைடு ஏமாற்றும்.

எப்போது சாயம் வைத்தீர்கள், எப்போது எடுத்தீர்கள்? முதலில் ஃபுளோரோ-கோல்ட் வைத்து, பிறகு நரம்பை வெட்டி, 8 வாரம் கழித்து எண்ணினால் செல் குறைந்திருக்கும். "30% செல் செத்துவிட்டது" என்று எழுத ஆசையாக இருக்கும். செத்தது செல்லா, மங்கியது சாயமா? ராட் எலியின் இயக்க செல்களில் செய்து 1997-இல் வெளிவந்த ஒப்பீட்டில் ஃபாஸ்ட் ப்ளூ 24 வாரம் வரை நின்றது, ஃபுளோரோ-கோல்டும் டெக்ஸ்ட்ரான் வகைகளும் 4 வாரத்துக்குப் பிறகு குறைந்தன. நீண்ட காத்திருப்புக்கு ஃபாஸ்ட் ப்ளூ, குறுகியதற்கு ஃபுளோரோ-கோல்ட், இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஏற்கெனவே தப்பு நடந்துவிட்டதா? நரம்பை வெட்டாத, அதே 8 வாரம் காத்திருந்த எலி இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். இல்லை என்றால் அந்த எண்ணை வெளியே விடாதீர்கள்.

சின்னச் செல்களே இல்லையா? சிடிபி போட்டிருப்பீர்கள். அது ஜிஎம்1 என்ற கொழுப்பு இருக்கும் சவ்வில் ஒட்டும், நலமான டிஆர்ஜியில் பெரும்பாலும் மையலின் உள்ள பெரிய செல்கள்தான் மாட்டும். வலி ஆய்வுக்கு வேண்டிய சின்ன சி-இழைச் செல்கள் வலைக்கு வெளியே. ஃபாஸ்ட் ப்ளூவோ ஃபுளோரோ-கோல்டோ இவ்வளவு பாரபட்சம் காட்டாது.

எதை எண்ணினீர்கள்? 20 மைக்ரான் சீவலில் 30 மைக்ரான் செல் இரண்டு மூன்று சீவலில் தலைகாட்டும். ஆபர்குரோம்பி திருத்தம் போடுங்கள்: எண்ணியதை, சீவல் தடிமன் வகுத்தல் தடிமனும் செல் விட்டமும் சேர்ந்த கூட்டு, அதால் பெருக்குங்கள். 600 எண்ணியிருந்தால் 600 × 20 ÷ 50, அதாவது 240. கருவை மட்டும், விட்டம் 10 என்று வைத்து எண்ணினால் பெருக்க வேண்டியது 0.67. ஆக, உடலை நிரப்பும் ஃபாஸ்ட் ப்ளூவையும் கருவில் நிற்கும் டயமிடினோ எல்லோவையும் திருத்தாமல் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்டால், ஜெயிப்பது சாயம் இல்லை, செல்லின் விட்டம்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

நல்ல ஸ்லைடு கறுப்பு, ஷட்டரும் ஃபில்டரும் சரி என்றால் நிறுத்திவிட்டு நுண்ணோக்கிப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். விளக்கை நீங்களே கழற்ற வேண்டாம். 100 வாட் பாதரச விளக்கின் ஆயுள் 200 மணி நேரம்தான், மீட்டரைப் பார்த்துச் சொன்னால் அவருக்கு வேலை சுலபம். லேசர் வரிசை குலைந்தால் சேவைப் பொறியாளர்தான்.

எலி காலைக் கடிக்கிறது, ஊசி போட்ட இடம் கறுத்துப் புண்ணாகிறது, எடை இறங்குகிறது என்றால் அன்றைக்கே விலங்குக் கூடத்தின் கால்நடை மருத்துவர். "இன்னும் 2 நாள்தான், முடிச்சிடலாம்" என்று இழுக்காதீர்கள். சாயத்தை மாற்றுவதானாலும் நாளை நீட்டுவதானாலும் ஐஏசியுசி (விலங்கு ஆய்வுக் குழு) அனுமதியில் திருத்தம் வாங்கிவிட்டுத்தான்.

டை-ஐ கலந்த டிஎம்எஸ்ஓ கையில் கொட்டினால் கையுறையை நம்பி உட்காராதீர்கள், டிஎம்எஸ்ஓ தனக்குள் கரைந்ததையும் தோல் வழியே இழுத்துக்கொண்டு போகும். கழற்றி, கழுவி, பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். பாதரச விளக்கு வெடித்தால் துடைக்கக் குனியாமல் எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று போன் போடுங்கள்.